பார்க்காத நாளின் பூஜ்யம்

பம்பு ரூம் தெருவில் மழை நின்றுபோனது ஒரு நவம்பர் மாதம் பதினேழாம் தேதி. டிரான்ஸ்பார்மருக்கு அந்தப் பக்கம் அது வழக்கம்போலப் பெய்துகொண்டிருந்தது. இந்தப் பக்கம் ஒரு பொட்டுத் தண்ணீர் விழவில்லை. டிரான்ஸ்பார்மரை ஒட்டி டீக்கடை வைத்திருந்த கந்தையா தன் கடை பெஞ்சின் ஒரு முனை நனைவதையும் மறுமுனை காய்ந்து கிடப்பதையும் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, நனைந்த முனையில் உட்கார்ந்திருந்தவரிடம், "இங்கிட்டு நகந்து உக்காருங்க" என்றார். அவர் நகர்ந்து உட்கார்ந்தார். டீ வந்தது. அன்றைக்கு அதைப் பற்றிய பேச்சு அவ்வளவுதான்.

அது ஏன் நின்றது என்று தெருவில் இரண்டு பேருக்குத் தெரியும். ஒருவர் பால்வண்ணன். ஊரிலிருந்த நூற்பாலையில் டைம் கீப்பராக இருந்து, ஆலை மூடியபின் வீட்டோடு இருந்தவர். ஆலையில் எவன் எத்தனை மணிக்கு உள்ளே வந்தான், எத்தனை மணிக்கு வெளியே போனான் என்று எழுதி எழுதிப் பழகிய கை அவருடையது. அந்தக் கை ஞாயிற்றுக்கிழமைகளில் சும்மா இருக்க மறுத்ததால், மொட்டை மாடியில் தகரப் புனலும் பித்தளை வளையமும் வைத்து ஒரு மழைமானி செய்தார். முப்பத்தோரு வருடமாகத் தினமும் காலை எட்டரை மணிக்கு மேலே போய், புனலுக்கு அடியில் சேர்ந்த தண்ணீரை அளவுக் கண்ணாடியில் ஊற்றி, கண்ணை நீர்மட்டத்துக்கு நேராக வைத்துப் பார்த்து, இத்தனை மில்லிமீட்டர் என்று நீள நோட்டில் எழுதினார். வருடத்துக்கு ஒரு நோட்டு. முப்பத்தோரு நோட்டிலும் ஒரு நாள்கூட விடுபடவில்லை. அவர் வெளியூர் போன நாட்களில் அவர் மனைவி சொர்ணம் மேலே போய்ப் பார்த்து எழுதி வைப்பாள்.

அவரையும் சேர்த்து வீட்டில் மழை அளப்பவர்கள் மாவட்டத்தில் பதினொரு பேர் இருந்தார்கள். பெண்கள் கல்லூரி ஒன்றில் இயற்பியல் ஆய்வகத்தைப் பார்த்துக்கொண்டிருந்த தேவசகாயம்தான் அவர்களைச் சேர்த்தவர். தினமும் ஒன்பது மணிக்குள் பதினொரு எண்கள் அவர்களுடைய போன் குழுவில் விழும். தேவசகாயம் வைத்த விதி ஒன்றே ஒன்று. மழைமானியைப் பார்த்து, அதில் தண்ணீர் இல்லையென்றால் பூஜ்யம் போடு. பார்க்க முடியாமல் போனால் 'பார்க்கவில்லை' என்று எழுது. பார்க்காத நாளுக்குப் பூஜ்யம் போடாதே. "இல்லைங்கிறது வேற, தெரியாதுங்கிறது வேற. ரெண்டையும் ஒண்ணாக்கினா நாம பஞ்சாங்கம் எழுதப் போயிரலாம்" என்பார் தேவசகாயம்.

அந்த நவம்பர் பதினாலாம் தேதி பால்வண்ணன் மதுரையில் இருந்தார். தங்கை மகன் கல்யாணம். தாலி கட்டி முடிந்து பந்திக்கு ஆள் கூப்பிடுகிற சத்தத்தில், எட்டு இருபத்தைந்துக்கு மண்டபத்துக்கு வெளியே வந்து வீட்டுக்குப் போன் செய்தார்.

"எட்டரை ஆகப்போவுது. மேல போ."

"தூறிக்கிட்டு இருக்கு. படியெல்லாம் சொதசொதன்னு கிடக்கு. நின்னதும் போறேன்" என்றாள் சொர்ணம்.

"எட்டரைன்னா எட்டரை."

"ஆமா, உங்க மழை எட்டரைக்கு மேல கோவிச்சுக்கிட்டுப் போயிரும்" என்று சிரித்துவிட்டு அவள் போனை வைத்தாள். அவள் அவரிடம் கடைசியாகப் பேசியது அதுதான்.

வீட்டுக்கு வெளியே கைப்பிடி இல்லாத சிமெண்டுப் படி பதினேழு. அளவுக் கண்ணாடியைக் கையில் பிடித்தபடி இறங்கியவள் மேலிருந்து ஏழாவது படியில் வழுக்கினாள். பக்கத்து வீட்டு வெள்ளைத்தாய், தூறலில் நனைந்துபோன வடகத் துணிகளைச் சுருட்டிக்கொண்டிருந்தவள், சத்தம் கேட்டு ஓடிவந்து சொர்ணத்தின் தலையை மடியில் எடுத்து வைத்தாள். கண்ணாடி சுக்குநூறாகிக் கிடந்தது. அதிலிருந்த தண்ணீர் எது, வானத்திலிருந்து விழுந்த தண்ணீர் எது என்று பிரித்துச் சொல்ல முடியாதபடி எல்லாம் ஒன்றாக ஓடியது. ஆட்டோ வருவதற்குள் சொர்ணம் போய்விட்டாள்.

மறுநாள் பிணத்தை எடுத்துவிட்டு வந்த கையோடு பால்வண்ணன் மேலே போனார். கண்ணாடி இல்லாததால், இருமல் மருந்து ஊற்றுகிற சிறிய மூடியால் தண்ணீரை அளந்து கணக்குப் போட்டு எழுதினார். மூன்று புள்ளி இரண்டு. "பொண்டாட்டி அங்க எரியிறா, இவரு மழையை அளக்காரு" என்று சொந்தக்காரர்கள் கூடத்தில் பேசினார்கள். அவருக்கும் கேட்டது. அதற்கடுத்த நாள், மூன்றாம் நாள் காரியம் முடிந்து, புதுக் கண்ணாடி ஒன்றைத் துண்டில் சுற்றி எடுத்து வந்து கொடுத்துவிட்டுத் தேவசகாயம் போனபின், நோட்டை விரித்து உட்கார்ந்தார். பதினைந்துக்கு எண் இருந்தது, பதினாறுக்கு எண் இருந்தது, பதினாலு வெறுமையாக இருந்தது. முப்பத்தோரு வருடத்தில் முதல் ஓட்டை. விதிப்படி அங்கே எழுத வேண்டியது ஒரு வார்த்தைதான். பேனாவைத் திறந்தார். பதினாலாம் தேதி மழை இல்லையென்றால் படி நனைந்திருக்காது. படி நனையவில்லையென்றால், நனைந்த படியில் ஏறு என்று மதுரையிலிருந்து யாரும் யாரையும் விரட்டியிருக்க முடியாது. அவர் பூஜ்யம், புள்ளி, பூஜ்யம் என்று எழுதினார். எழுத்து நன்றாக, நிதானமாக, ஆலை ரிஜிஸ்டரில் விழுவதுபோல விழுந்தது.

பதினேழாம் தேதியிலிருந்து பம்பு ரூம் தெருவில் மழை இல்லை.

முதல் வருடம் ஜனங்கள் அதை ஒரு வசதியாகத்தான் எடுத்துக்கொண்டார்கள். அந்த ஊரில் ஐப்பசியும் கார்த்திகையும் கைத்தொழில்காரர்களின் வயிற்றில் அடிக்கிற மாதங்கள்; தீப்பெட்டிக்கு அடைத்த குச்சிச் சட்டங்கள் காயாது, அப்பளம் காயாது, மிளகாய் வத்தல் பூசணம் பிடிக்கும். இந்தத் தெருவில் மட்டும் அடைமழைக் காலத்திலும் வெயில் சித்திரைபோல அடித்ததால், மூன்றாம் தெருக்காரர்களும் தேரடிக்காரர்களும் பாயும் சாக்குமாக வந்து இடம் பிடித்தார்கள். மாடிகள் நிறைந்து, மாடிகள் போதாமல் தெருவிலேயே கயிறு கட்டிப் பங்கு பிரித்துக்கொண்டார்கள். கல்யாண வீட்டார் தேதி வைக்கும்போது பந்தலுக்கு முதலில் இந்தத் தெருவைக் கேட்டார்கள். டவுன் பஸ் கண்டக்டர், "மழையில்லாத் தெருவெல்லாம் எறங்கு" என்று சத்தம் கொடுத்தார். வார்டு கவுன்சிலர் ஒரு கூட்டத்தில், வாக்குறுதிகளில் எது நிறைவேறாவிட்டாலும் மழைநீர் தேங்காத தெரு ஒன்றை உருவாக்கிக் காட்டியதாகப் பேசி, கைதட்டலும் வாங்கினார். வெள்ளைத்தாய் நாலு பெண்களைச் சேர்த்துக்கொண்டு கூழ் வடகமும் சீனியவரை வத்தலும் போட்டாள். திருப்பூரில் பனியன் கம்பெனிக்குப் போயிருந்த மகள் செண்பகத்துக்கு, "இன்னும் ரெண்டு மழைக்காலம் இப்பிடியே போனா நீ வந்துரலாம் தாயி" என்று போனில் சொன்னாள்.

தேவசகாயத்துக்கு மட்டும்தான் அது பொறுக்கவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் இன்னும் மூன்று பேரைக் கூட்டிக்கொண்டு, நாலு மழைமானிகளைச் சாக்கில் கட்டி மொபெட்டில் வைத்து வந்து இறங்கினார். பால்வண்ணன் மாடியில் நாலு மூலைக்கு நாலாக வைத்தார்கள். பத்து மணிக்கு மேகம் திரண்டு, ஊர் முழுக்க ஒரு பாட்டம் கொட்டித் தீர்த்தது. நாலு பேரும் மாடிச் சுவரோரம் நின்று, தெருமுனையில் மழை ஒரு திரைபோல நிற்பதையும், அதற்குள் நின்ற ஒரு மாடு இரண்டடி முன்னால் வந்து காய்ந்த இடத்தில் உடம்பைச் சிலுப்பிக்கொண்டதையும் பார்த்தார்கள். நாலு மழைமானியிலும் பூஜ்யம்.

"கருவியில கோளாறு இல்ல" என்றார் தேவசகாயம். பிறகு நோட்டை வாங்கிப் புரட்டினார். "பதினேழாம் தேதியில இருந்துன்னு சொன்னீங்க. அதுக்கு முன்னாடி பதினாலாம் தேதியும் சைபர் கிடக்கு. அன்னைக்கு எனக்கு ஒம்பது. இவருக்குப் பதிமூணு. உங்களுக்கு மட்டும் எப்பிடி சைபர்?"

மாடியின் மறு ஓரத்தில் வெள்ளைத்தாய் வடகம் பிழிந்துகொண்டிருந்தாள். அவள் கை நின்றது.

"அன்னைக்கு இங்க பெய்யல" என்றார் பால்வண்ணன்.

"பாத்தீங்களா?"

"பாத்தேன்."

தேவசகாயம் அவர் முகத்தைப் பார்த்தார். பதினாலாம் தேதி என்ன நாள் என்று அவருக்கும் தெரியும். நோட்டை மூடிக் கொடுத்துவிட்டு, "காப்பி இருந்தா குடுங்க" என்றார். வெள்ளைத்தாய் மறுபடியும் பிழிய ஆரம்பித்தாள். பதினாலாம் தேதி மழையில் நனைந்து, சொர்ணத்தின் தலையை மடியில் வைத்து உட்கார்ந்திருந்தவள் அவள்தான். மழை ஏன் வரவில்லை என்று தெரிந்த இரண்டாவது ஆள் அவள். வாயைத் திறக்கவில்லை. வடகம் காய்ந்துகொண்டிருந்தது.

இரண்டாம் வருடம் தெருவின் ஈரம் உள்ளிருந்து போகத் தொடங்கியது. போர்வெல்கள் ஒவ்வொன்றாகப் புழுதி கக்கின. பம்பு ரூமில் பம்பு ஓடியது, தண்ணீர் வரவில்லை. கதவுகள் சுருங்கி நாதாங்கி எட்டாமல் போயிற்று. பால்வண்ணன் வீட்டு முருங்கை நின்ற நிலையில் விறகானது. எல்லார் உதட்டிலும் வெடிப்பு. தேங்காயெண்ணெய் தடவாமல் யாராலும் வாய்விட்டுச் சிரிக்க முடியவில்லை. டிரான்ஸ்பார்மருக்கு அந்தப் பக்கமிருந்த குழாயில் குடம் பிடித்து வருவதற்கு வீட்டுக்கு ஒரு ஆள் முழுநேரமாகத் தேவைப்பட்டது. அதையும் பழகிக்கொண்டார்கள்.

பிறகு கண்ணீர் நின்றது. முதலில் கவனித்தது குழந்தை பெற்றவர்கள். தொட்டிலில் பிள்ளை வீரிட்டு அழும், கன்னம் காய்ந்திருக்கும். அடுத்து, சீரியல் பார்க்கிற பெண்கள். அதற்கும் ஜனங்கள் வழி கண்டுபிடித்தார்கள். அழ வேண்டுமென்றால் டிரான்ஸ்பார்மரைத் தாண்டிப் போய்க் கந்தையா கடை பெஞ்சின் அந்த முனையில் உட்கார்ந்து அழுதுவிட்டு வந்தார்கள். மாமியாரோடு சண்டை போட்ட மருமகள், வேலை போன ஆள், பரீட்சையில் தவறிய பெண் எல்லாரும் அங்கே வந்தார்கள். கந்தையா எதுவும் கேட்காமல் ஒரு டீயை வைத்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்வார். கூட்டம் அதிகமான நாட்களில், "எம்மா, நீ எந்திரி, அந்த அக்கா ரொம்ப நேரமா நிக்காக" என்று முறை வைப்பார். தெருவில் சாவு விழுந்தால் பாடையை நேராக அந்தப் பக்கம் கொண்டுபோய் இறக்கி, அங்கே ஒப்பாரி வைத்து முடித்துக்கொண்டு சுடுகாட்டுக்குப் போனார்கள். முதலில் கூச்சமாக இருந்தது. மூன்றாவது சாவிலிருந்து அது வழக்கமாகிவிட்டது.

பால்வண்ணன் அந்த பெஞ்சுக்கு ஒரு நாளும் போகவில்லை. சொர்ணம் போன அன்று மதுரையிலிருந்து வருகிற பஸ்ஸில் அவருக்கு அழுகை வரவில்லை. வீட்டில் ஆட்கள் இருந்தார்கள். எல்லாரும் போனபின் அழுதுகொள்ளலாம் என்று வைத்திருந்தார். அதற்குள் பூஜ்யத்தை எழுதிவிட்டார். இப்போது தினமும் எட்டரைக்கு ஏறி, காய்ந்த கண்ணாடியைக் கண்ணுக்கு நேராகப் பிடித்து, பூஜ்யம் என்று எழுதினார். அவையெல்லாம் நியாயமான பூஜ்யங்கள். அந்த ஒன்றை அடித்துவிட்டால் தெரு நனையும் என்று இரண்டாவது மாதமே அவருக்குத் தெரிந்துபோயிற்று. பல தடவை பேனாவை எடுத்தார். தெருவில் நாற்பது வீட்டுப் பிழைப்பு காய்கிறதே என்று வைத்துவிடுவார். அது சாக்கு. அடித்தால் அந்த இடத்தில் என்ன எழுதுவது என்பதுதான் விஷயம். சொர்ணம் மேலே போனாள், பார்த்தாள். அவள் கண் பார்த்த எண் ஒன்று இருந்தது. அதை விட்டுவிட்டுப் 'பார்க்கவில்லை' என்று எழுதினால் அவள் ஏறியதும் பொய், விழுந்ததும் வீண். அந்த எண் அவருக்கு வேண்டும். அது கண்ணாடியோடு உடைந்துபோயிருந்தது.

மூன்றாவது வருடம் ஐப்பசியில் செண்பகம் மஞ்சள் காமாலையில் செத்துப்போனாள். இருபத்துமூன்று வயது. காலை ஏழு மணிக்குத் திருப்பூரிலிருந்து ஆம்புலன்ஸ் வந்து வெள்ளைத்தாய் வீட்டு வாசலில் நின்றது. மகளை நடுக்கூடத்தில் கிடத்தி, தலைமாட்டில் விளக்கேற்றி, வெள்ளைத்தாய் அவள் பக்கத்தில் உட்கார்ந்து வாயைத் திறந்தாள். மரக்கதவு உரசுவதுபோல ஒரு சத்தம் வந்தது. மார்பில் அடித்துக்கொண்டாள். கண் எரிந்தது, நனையவில்லை.

"ஏ வெள்ளைத்தாயி, மனசைத் தேத்திக்க. பிள்ளையைத் தூக்கிருவோம். கந்தையா கடைகிட்ட எறக்கி வச்சு நல்லா அழுதுக்கலாம்" என்றாள் ஒருத்தி.

"வெயிலுக்கு முந்திப் போயிரலாம். பெஞ்சை ஒதுங்க வைக்கச் சொல்லியாச்சு" என்றாள் இன்னொருத்தி.

"எம் பிள்ளை இந்த வீட்லதான் பெறந்தா" என்றாள் வெள்ளைத்தாய். "டீக்கடையில வச்சு அழவா அவளைப் பெத்தேன்?"

அவள் எழுந்து, தலை விரிந்தபடியே, வத்தல் காய்கிற பாய்களை மிதித்துக்கொண்டு பக்கத்து வீட்டுக்குள் போனாள். பால்வண்ணன் துஷ்டி வீட்டுக்குக் கிளம்ப வேட்டி மாற்றிக்கொண்டிருந்தார்.

"பதினொண்ணு புள்ளி நாலு" என்றாள்.

அவருக்கு முதலில் புரியவில்லை.

"மைனி சொன்னாக. எம் மடியில கிடக்கும்போது. பதினொண்ணு புள்ளி நாலுன்னு அவருகிட்டச் சொல்லிருன்னாக. நான்தான் மூணு வருசமா முழுங்கிட்டேன். நீங்க அந்த காலேஜ் வாத்தியார்கிட்டப் பெய்யலைன்னு சொன்னப்ப நான் அங்கதான் இருந்தேன். எழுதுங்க அண்ணாச்சி. நான் எம் பிள்ளைக்கு அழணும்."

பால்வண்ணன் அலமாரியைத் திறந்தார். அந்த வருடத்து நோட்டை எடுப்பதற்குள் நாலு நோட்டு கீழே விழுந்தது. பூஜ்யத்தின்மேல் ஒரு கோடு இழுத்து, பக்கத்தில் 11.4 என்று எழுதினார். பேனாவை மூடுவதற்குள் மேலே தகரப் புனலில் சத்தம் கேட்டது.

மூன்று வருடம் கழித்து வந்த மழைக்கு யாரும் தயாராக இல்லை. வடகம் கரைந்து கூழாகிச் சாக்கடைக்குப் போனது. குச்சிச் சட்டங்கள் ஊறின. மிளகாய் வத்தல் தெரு நெடுக மிதந்தது. சட்டங்களை அள்ள ஓடிய பெண்கள் பாதியில் நின்றார்கள். கன்னத்தைத் தொட்டுப் பார்த்தார்கள். தெரு முழுவதும் அழ ஆரம்பித்தது. செத்தவர்களுக்கு, ஓடிப்போனவர்களுக்கு, மூன்று வருடத்தில் பெஞ்சு வரை போக நேரமில்லாமல் தள்ளிப்போட்ட எல்லாவற்றுக்கும் அழுதார்கள். வெள்ளைத்தாய் மகள்மேல் விழுந்து, "ஏ எஞ் செம்பகம், ஏ எந் தங்கம்" என்று அழுத குரல் மழையைத் தாண்டிக் கேட்டது. பால்வண்ணன் அவள் கூடம் தெரிகிற ஜன்னலின் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்று அதைப் பார்த்தார். தனக்கும் வரும் என்று காத்திருந்தார். மழை விட்டது. அவருக்கு வரவில்லை.

மறுநாள் எட்டரைக்கு மேலே போய் அளந்தார். பதினொன்று புள்ளி நாலு.

இரண்டு வேறு வேறு நாட்களுக்கு ஒரே எண் விழுவது நடக்காத காரியமல்ல. அவருடைய நோட்டுகளிலேயே பல தடவை விழுந்திருக்கிறது. ஆனாலும் அது அவரை உறுத்தியது. மூன்றாம் நாள் காரியம் முடியும்வரை பொறுத்திருந்து வெள்ளைத்தாயைப் போய்ப் பார்த்தார். அவள் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். அழுது அழுது முகம் வீங்கிக் கொஞ்சம் சாந்தமாக இருந்தாள்.

"சொர்ணம் அதை எப்பிடிச் சொன்னா? குரல் தெளிவா இருந்துச்சா?"

வெள்ளைத்தாய் தரையைப் பார்த்தாள். "மைனி ஒண்ணும் சொல்லல அண்ணாச்சி. வாய் அசைஞ்சது. சத்தம் வரல."

"அப்ப அந்த நம்பர்?"

"பதினொண்ணு கீழ நாலு. திருப்பூர்ல எம் பிள்ளை இருந்த ரூம் கதவு நம்பர். உங்களுக்கு ஒரு நம்பர் வேணும்னு தெரியும். அதுதான் வாயில வந்துச்சு." பிறகு கையெடுத்துக் கும்பிட்டாள். "நான் அழணும்ல."

பால்வண்ணன் வீட்டுக்கு வந்து, செய்ய வேண்டிய ஒன்றைச் செய்தார். சந்தேகம் வந்தால் சோதித்துப் பார்ப்பதுதான் முறை. மறுநாள் தேதிக்கு நேரே, முந்தின நாள் மாலையே, 2.0 என்று எழுதி வைத்தார். மறுநாள் காலை கண்ணாடியில் இரண்டு புள்ளி பூஜ்யம் இருந்தது. அடுத்த நாளுக்கு 7.6 எழுதினார். ஏழு புள்ளி ஆறு இருந்தது. கண்ணாடியை மூன்று தடவை கழுவித் துடைத்துப் பார்த்தார். அலமாரியிலிருந்த நோட்டுகள் எல்லாவற்றையும் தரையில் பரப்பினார். கண்மாய் உடைந்த வருடம், கருவேலம்கூடக் கருகிய வருடம், சொர்ணம் சொன்னதை நம்பாமல் மறுபடி ஏறிப்போய்ப் பார்த்து ஒரு புள்ளி திருத்திய நாள், எல்லாம் அவர் கையெழுத்தில் வரிசையாக நின்றன. பெய்ததை எழுதினாரா, எழுதினதால் பெய்ததா என்று ஒரு நாளைப் பற்றியும் அவரால் அடித்துச் சொல்ல முடியவில்லை.

தேவசகாயத்துக்குப் போன் செய்து எல்லாவற்றையும் சொன்னார், பதினாலாம் தேதிப் பொய் உட்பட.

"மத்த பத்துப் பேரும் பாத்துத்தானே எழுதுறோம்?" என்றார் தேவசகாயம். அவர் சொல்லவில்லை, கேட்டார்.

"எனக்கு எப்பிடித் தெரியும்?"

"நானும் ஒரு நாள்..." என்று ஆரம்பித்த தேவசகாயம் முடிக்கவில்லை. மறுநாள் ஒன்பது மணிக்கு அவர் தன் எண்ணைப் போடவில்லை. அந்த வாரத்திலேயே குழு அடங்கிப்போயிற்று.

அவர் எழுதினால் பெய்கிறது என்ற விஷயம் தெருவுக்குத் தெரிய இரண்டு நாள் ஆனது. மூன்றாம் நாள் காலையில் அவர் வாசலில் கூட்டம்.

"அண்ணாச்சி, ஒரு அஞ்சு மில்லி போட்டு விடுங்க, புழுதி அடங்கட்டும்" என்றார் கந்தையா.

"ஏன், உம்ம டீயில புழுதி விழுதுன்னா?" என்றாள் தீப்பெட்டிக்காரப் பெண் ஒருத்தி. "சைபரே போடுங்க அண்ணாச்சி. ஊறின சட்டத்துக்கு இவரா பதில் சொல்வாரு?"

"போர்வெல்லுல தண்ணி வர்ற மாதிரி ஒரு நாப்பது போடுங்க."

"வெள்ளிக்கிழமை எங்க வீட்ல சடங்கு, வியாழன் நைட்டோட நிப்பாட்டிருங்க."

யாருக்கும் ஆச்சரியமில்லை. தாலுகா ஆபீசில் மனுக் கொடுப்பதுபோல ஒருவர் பின் ஒருவராகச் சொன்னார்கள். பின்வரிசையில் இருவர் சட்டையைப் பிடித்துக்கொண்டார்கள். பால்வண்ணன் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்தினார். நோட்டை எடுத்து, மூன்று வருடத்துக்கு முந்தைய பதினாலாம் தேதிக்கு வந்து, 11.4 என்பதை அடித்தார். முதல் நாளே எழுதியிருக்க வேண்டியதை அங்கே எழுதினார். 'பார்க்கவில்லை.' பிறகு வெள்ளைத்தாய் வீட்டில் செண்பகம் கிடந்த நாளின் மழைக்கு வந்தார். அதுவும் பொய் எண்ணில் வந்த மழை. அதையும் அடித்து, 'பார்க்கவில்லை' என்று எழுதினார். அன்றைய தேதிக்கும் அதையே எழுதினார். மூன்று வருடத்தில் முதல் தடவையாகக் கை லேசாக இருந்தது. முப்பத்து நாலு வருடத்தில் தான் செய்த ஒரே நேர்மையான வேலை அது என்று நினைத்துக்கொண்டார்.

அன்றிலிருந்து தினமும் மேலே போய், கண்ணாடியில் தண்ணீர் இருக்கிறதா என்று தெரியாமல், அதையே எழுதுகிறார். பம்பு ரூம் தெருவில் இப்போது மழை பெய்கிறதா என்று கேட்டால் அங்கிருக்கிற யாருக்கும் தெரிவதில்லை. வானம் இருக்கிறது, மேகம் இருக்கிறது. கையை நீட்டினால் நனைந்ததா இல்லையா என்று சொல்ல வரவில்லை. கொடியில் கிடக்கிற துணியைத் தடவிப் பார்த்துவிட்டு, ஈரமோ என்னவோ என்று அப்படியே விட்டுவிடுகிறார்கள். வடகம் காய்ந்ததா என்று தெரியாததால் யாரும் வாங்குவதில்லை. குச்சிச் சட்டங்கள் தேரடிக்குப் போய்விட்டன. பாதி வீடுகள் பூட்டிக் கிடக்கின்றன. இருக்கிறவர்கள் அதையும் பழகிக்கொண்டுவிட்டார்கள். குடையை விரித்துப் பிடித்து, உள்ளங்கையை வெளியே நீட்டிப் பார்த்து, தோளைக் குலுக்கிவிட்டு நடக்கிறார்கள். கந்தையா பெஞ்சைத் தூக்கி உள்ளே போட்டுவிட்டார்.

ஒரு நாள் காலை, எட்டரைக்குக் கொஞ்சம் முன்னால், பால்வண்ணன் படியேறப் போகும்போது வெள்ளைத்தாய் வந்தாள். இரண்டு கைகளாலும் கன்னத்தைத் தடவுவதும் விரல்களைப் பார்ப்பதுமாக நின்றாள். இப்போதெல்லாம் எப்போதும் அப்படித்தான் நிற்கிறாள் என்று தெருவில் சொல்லிக்கொண்டார்கள்.

"அண்ணாச்சி, ஒண்ணு கேக்கணும்."

"சொல்லு தாயி."

"எம் பிள்ளையை நடுவீட்ல போட்டிருந்தப்ப நான் அழுதேன்ல?" என்றாள். "அழுத மாதிரியும் இருக்கு. அழாத மாதிரியும் இருக்கு. யாரைக் கேட்டாலும் முழிக்காக. நீங்க ஜன்னல்ல நின்னீக. நீங்க பாத்தீகள்ல?"

பால்வண்ணன் யோசித்தார். ஜன்னல் கம்பி நினைவிருந்தது. கம்பியின் துரு கையில் ஒட்டியது நினைவிருந்தது. கம்பிக்கு அந்தப் பக்கம் ஒன்றுமில்லை; அந்த நாளுக்கு 'பார்க்கவில்லை' என்று எழுதியவர் அவர்தான். ஆம் என்று சொல்லிவிடலாம், ஒரு வார்த்தை, அவள் அதை வாங்கிக்கொண்டு போய் மிச்ச நாளை ஓட்டிவிடுவாள். அவர் அவள் முகத்தைப் பார்த்தார், அது நனைந்திருக்கிறதா என்று. நீர்மட்டத்துக்கு நேராகக் கண்ணை வைப்பதுபோலக் குனிந்தே பார்த்தார். தெரியவில்லை.

"பாக்கல, தாயி" என்றார்.

அவள் தலையை ஆட்டினாள். கன்னத்தைத் துடைத்துக்கொண்டோ, சும்மா தடவிக்கொண்டோ, தன் வீட்டுக்குள் போனாள். அவர் கண்ணாடியை எடுத்துக்கொண்டு, நனைந்ததோ காய்ந்ததோ தெரியாத பதினேழு படிகளில் ஒவ்வொன்றாக ஏறத் தொடங்கினார்.